உடைக்காமல் விட்ட இயந்திரம்: என்ஸ்கெடே போலராய்டு ஆலை – ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரை மாதத்துப் பதினொரு மணி வெயிலில் உடனடிப் படம் எடுக்கக் கிளம்பியது என் முட்டாள்தனம். பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கல்யாண வீடு, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று எடுத்து ஓய்ந்தவர். அவருடைய இருட்டறையில் இப்போது குடைவிளக்குகளும் கிழிந்த பின்னணித் திரைகளும் கிடக்கின்றன. இரவல் வாங்கிய பழைய போலராய்டு கேமராவில் புதிய படப்பெட்டி ஒன்றைச் செருகிக்கொண்டு அவரைப் படம் எடுக்கப் போயிருந்தேன். கடை வாசலில் நிற்கவைத்துப் பொத்தானை அழுத்தினேன். கர்ரென்று ஒரு சத்தம். கேமராவின் வாயிலிருந்து வெள்ளை விளிம்பு வைத்த அட்டை ஒன்று நீண்டது. அண்ணாச்சி கையை நீட்டினார்.

"வேண்டாம் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் வெளிச்சம் படாமல் கவிழ்த்து வைக்க வேண்டும்."

"கழுவ வேண்டாமா?"

"வேண்டாம். தானாகவே வந்துவிடும்."

"தானாக எப்படி வரும்? கழுவுகிறவன் எங்கே இருக்கிறான்?"

கால் மணி நேரம் கழித்துத் திருப்பிப் பார்த்தோம். சட்டை, கதவு, சுவரொட்டி, முகம் எல்லாம் ஒரே மஞ்சள். "காமாலை வந்தவன் மாதிரி இருக்கிறேனே தம்பி" என்றார். இந்தப் படச்சுருள் ஒழுங்காக வேலை செய்ய 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். பெட்டியில் இருந்த எட்டில் ஆறு படங்கள் அப்படித்தான் வந்தன. காசு போனதைவிட அண்ணாச்சியின் கேள்விதான் என்னை நெடுநாள் குடைந்தது. கழுவுகிறவன் எங்கே இருக்கிறான்?

டிஜிட்டல் காலத்தில் மக்கள் ஃபிலிமுக்குத் திரும்புகிறார்கள் என்று அடிக்கடி படிக்கிறோம். அவற்றில் பெரும்பாலும் ஒரே பல்லவி: திரையில் சலிப்பு, கையில் தொட்டுப் பார்க்கும் ஆசை, பழைய ஆல்பங்களின் வாசனை. இருக்கட்டும். ஆசை எவ்வளவு பெரிதானாலும் கடையில் ஃபிலிம் இருந்தால்தான் திரும்ப முடியும். அதை யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஆலையில் செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஆலை நின்றுபோனால் என்ன ஆகும், நின்றதை மறுபடி ஓட்ட என்னென்ன வேண்டும் என்பதை ஓர் உண்மை நிகழ்வை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நெதர்லாந்தின் கிழக்கோரத்தில், ஜெர்மன் எல்லையை ஒட்டி இருக்கும் என்ஸ்கெடே நகரத்து போலராய்டு ஆலையை எடுத்துக்கொண்டேன். ஃபிலிம் தொழிலில் பல ஆலைகள் தேய்ந்தன, சுருங்கின. இங்கே உற்பத்தி ஒரேயடியாக நின்று, வேறு கைகளில் மீண்டும் தொடங்கியது.

ஆலை நின்ற விதம்

போலராய்டின் முன்கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அதை நிறுவிய எட்வின் லாண்ட் 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய சபையில் தன்னையே படம் எடுத்து, ஒரு நிமிடத்தில் தாளை உரித்துக் காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டனில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. 1972-இல் எஸ்எக்ஸ்-70 வந்தபோது உரிக்கிற வேலையும் போய்விட்டது. அட்டை வெளியே வரும், கண்ணெதிரே வெயிலிலேயே படம் மலரும். என்ஸ்கெடேயில் நிறுவனத்தின் ஐரோப்பிய ஆலை இருந்தது.

டிஜிட்டல் கேமரா வந்ததும், காத்திருக்காமல் படம் பார்க்கலாம் என்ற போலராய்டின் ஒரே துருப்புச்சீட்டு கையை விட்டுப் போனது. மற்ற ஃபிலிம் நிறுவனங்களுக்கு விழுந்த அடியைவிட இவர்களுக்கு விழுந்தது பலமான அடி. கல்யாணத்துக்கு நெகட்டிவ் எடுப்பவர் இன்னும் சில ஆண்டுகள் அதிலேயே இருப்பார். விபத்து நடந்த காரையும் அடையாள அட்டைக்கு முகத்தையும் படம் எடுத்தவர்கள் ஒரே ஆண்டில் மாறிவிடுவார்கள். 2001 அக்டோபரில் நிறுவனம் திவாலானது. 2005-இல் அது டாம் பெட்டர்ஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபரின் கைக்குப் போனது. போலராய்டு என்ற பெயர் தொலைக்காட்சிப் பெட்டியிலும் டிவிடி பிளேயரிலும் ஒட்டப்பட்டது. 2008 பிப்ரவரியில், உடனடிப் படச்சுருள் உற்பத்தியை அடியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெட்டர்ஸின் அலுவலகங்களில் சோதனை நடந்தது. அவர் நடத்தியது பல நூறு கோடி டாலர் மோசடி என்று தெரியவந்து, 2010-இல் அவருக்கு 50 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்கு முன்பே, 2008 டிசம்பரில், போலராய்டு இரண்டாம் முறை திவாலானது. ஃபிலிம் செத்ததற்கு டிஜிட்டலை மட்டுமே குற்றம் சொல்பவர்கள் 2008-ஆம் ஆண்டின் வழக்குக் கட்டுகளையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

என்ஸ்கெடே ஆலையை மூடும் நிகழ்ச்சி 2008 ஜூனில் நடந்தது. அங்கே இருவர் சந்தித்தார்கள். ஒருவர் ஆந்த்ரே போஸ்மன், அந்த ஆலையில் உற்பத்தியைக் கவனித்தவர், இயந்திரங்களின் ஒவ்வொரு திருகும் அறிந்தவர். இன்னொருவர் ஃப்ளோரியன் காப்ஸ், வியன்னாக்காரர், சிலந்திகளின் கண் தசைகளைப் பற்றி ஆய்வு செய்து உயிரியலில் பட்டம் பெற்றுவிட்டு, லோமோ என்ற ரஷ்ய ஃபிலிம் கேமராவின் ரசிகர் வட்டாரத்துக்குள் நுழைந்து, பிறகு போலராய்டு படப்பெட்டிகளை இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தவர். ஒருவருக்கு எப்படிச் செய்வது என்று தெரியும். மற்றவருக்கு யார் வாங்குவார்கள் என்று தெரியும். அக்டோபரில், பழைய இரும்புக்குப் போகவிருந்த இயந்திரங்களை 31 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். வடக்குக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பழைய ஊழியர்களில் பத்துப் பேர் அளவில் உடன் வந்தார்கள். நிறுவனத்துக்கு வைத்த பெயர் 'இம்பாசிபிள்', முடியாதது. போலராய்டு என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவர்களிடம் இல்லை.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஜூனில் மூடல், செப்டம்பரில் சோதனை, அக்டோபரில் விற்பனை, டிசம்பரில் திவால். பேச்சு இரண்டு மாதம் இழுத்திருந்தால் இயந்திரங்கள் திவால் சொத்துப் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து அவை காயலான் கடைக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

கழுவுகிறவன்

சாதாரண ஃபிலிமைக் கழுவுகிற வேலை அண்ணாச்சியைப் போன்றவர்களுக்கு அத்துப்படி. இருட்டில் சுருளை உருவி, டெவலப்பரில் ஊறவைத்து, ஹைப்போவில் நிறுத்தி, ஓடும் தண்ணீரில் அலசிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். எஸ்எக்ஸ்-70 வகைப் படத்தில் இந்த இருட்டறை முழுவதும் அட்டைக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. படத்தின் கீழ்ப்பக்க வெள்ளை விளிம்பு மட்டும் மற்ற மூன்று பக்கங்களைவிட அகலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேமராவில் செருகும்போது அதற்குள் ஒரு சிறு பை இருக்கும். அதில் பசை. அட்டை வெளியேறும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்க, பசை இரண்டு தாள்களுக்கு நடுவே முடியளவு கனத்தில் பரவுகிறது. உருளையில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் படத்தில் ஒழுங்கான இடைவெளியில் புள்ளிகள் விழும். இரவல் கேமராவில் நான் முதலில் துடைத்தது அந்த உருளைகளைத்தான்.

அந்தப் பசைதான் கழுவுகிறவன். அதில் கடுமையான காரம் இருக்கிறது. வெள்ளைப் பூச்சுக்குப் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. அடியில் நெகட்டிவ் அடுக்குகள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரு சாயம், டெவலப்பர் மூலக்கூற்றோடு பிணைந்தபடி. வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளியோடு வேதிவினை நடந்து சாயம் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. வெளிச்சம் படாத இடத்துச் சாயம் விடுபட்டு மேல் தாளுக்கு ஏறுகிறது. நாம் பார்க்கும் படம் அப்படி ஏறி வந்த சாயம். வெள்ளைப் பூச்சு அதற்குப் பின்னால் சுவராக நிற்கிறது. எல்லாம் முடிந்ததும் அமிலத்தன்மை கொண்ட இன்னோர் அடுக்கு மெல்ல மெல்லக் காரத்தைத் தணித்து வினையை நிறுத்துகிறது.

இதில் லாண்டின் ஆட்கள் செய்த பெரிய வித்தை வேறொன்று. அட்டை வெளியே வந்துவிட்டது, வெயில் அடிக்கிறது, உள்ளே வினை இன்னும் முடியவில்லை. வெளிச்சம் உள்ளே புகாமல் யார் தடுப்பது? பசையிலேயே ஒரு மறைப்புச் சாயத்தைக் கலந்தார்கள். காரம் ஓங்கியிருக்கும்வரை அது கருத்துத் திரைபோல நிற்கும். காரம் தணிந்ததும் நிறமிழந்து மறைந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆலம் கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்கிறதே, அதே வேலைதான். எலுமிச்சையைப் பிழிந்தால் சிவப்பு மறைந்து மறுபடியும் மஞ்சளாகும். காரத்துக்கு ஒரு நிறம், அமிலத்துக்கு ஒரு நிறம். நம் வீட்டுப் பெண்கள் தட்டில் செய்வதை, முடியளவு கனத்துக்குள் வெயிலில் நடக்கும்படி அவர்கள் செய்தார்கள்.

இனி என்ஸ்கெடேக்குத் திரும்புவோம். காப்ஸும் போஸ்மனும் வாங்கியவை படப்பெட்டியைக் கோக்கும் இயந்திரங்கள். தாளை வெட்டி, பையை வைத்து, விளிம்பை மடித்து, பெட்டியில் அடுக்கும். எதைக் கோப்பது? நெகட்டிவ் செய்த அமெரிக்க ஆலை மூடிவிட்டது. சாயங்களையும் வேதிப்பொருள்களையும் தந்த நிறுவனங்கள் பலவும் அவற்றின் தயாரிப்பை நிறுத்திவிட்டன. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த பொருளை அந்த வாடிக்கையாளர் போன பிறகு யார் செய்வார்கள்? மறைப்புச் சாயமும் அந்தப் பட்டியலில் போயிற்று. பழைய செய்முறைக் குறிப்பு கையில் இருந்தாலும் பயன் இல்லை. கல்யாணச் சமையல்காரர் இருக்கிறார், அண்டா குண்டா இருக்கிறது, ஊரில் அரிசியும் பருப்பும் மட்டும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அதுதான் நிலைமை. கிடைக்கிற பொருள்களை வைத்துப் புதிய படச்சுருள் ஒன்றை அடியிலிருந்து உருவாக்கும் வேலை தொடங்கியது.

நெகட்டிவ் பூசும் வேலைக்கு ஜெர்மனியின் மோன்ஹைமில் வழி பிறந்தது. அங்கே பக்கத்து லெவர்குசனில் ஆக்ஃபா ஃபிலிம் தொழில் வீழ்ந்த பிறகு, அந்த ஆட்களில் சிலர் பூச்சு இயந்திரங்களோடு தனித் தொழில் நடத்திவந்தார்கள். ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சியில் தப்பிய இயந்திரம் இன்னொரு நிறுவனத்தின் வீழ்ச்சியில் தப்பிய இயந்திரத்துக்கு வாழ்வு கொடுத்தது. பின்னாளில் ஸ்டீஃபன் ஹெர்ச்சன் வந்து சேர்ந்தார். லாண்டின் காலத்திலேயே போலராய்டில் வேலை செய்த அறிவியலாளர், தொழில்நுட்பத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

விலைக்கு வாங்கிய சோதனை

2010 மார்ச்சில் முதல் படப்பெட்டிகள் வந்தன: பிஎக்ஸ் 100, பிஎக்ஸ் 600, இரண்டும் கறுப்பு வெள்ளை. வண்ணம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்தது. பழைய பெட்டியில் பத்துப் படங்கள் இருந்த இடத்தில் இப்போது எட்டு. புதிய தாள்கள் சற்றுக் கனமானவை, அதே பெட்டியில் பத்து அடங்கவில்லை. விலை 20 டாலர் அளவில்.

படங்கள் எப்படி இருந்தன? வெளிப்படையாகச் சொன்னால் மோசம். மறைப்புச் சாயம் போதிய பலத்தோடு இல்லாததால், அட்டை வாயிலிருந்து நீளும் அந்த ஒரு நொடி வெளிச்சமே படத்தைக் கெடுத்தது. கேமராவின் முன்னால் அட்டைத்துண்டை ஒட்டிக்கொண்டு எடுத்தார்கள். சட்டைக்குள் கையை விட்டுப் படத்தைப் பிடித்தவர்களும் உண்டு. பிறகு சுருண்டு விரியும் மறைப்பு ஒன்றை நிறுவனமே விற்றது. படத்தோடு சேர்ந்து நாக்குபோல நீண்டு அதன்மேல் கவியும். தவளை நாக்கு என்றே அதற்குப் பெயர். வெப்பம் ஏறினால் மஞ்சளும் சிவப்பும், குளிர்ந்தால் நீலம் பாய்ந்து வெளிறல். ஈரப்பதம் உள்ளே தங்கிய படங்களில் நாளடைவில் படிகங்கள் பூத்து உருவத்தைத் தின்றன. படத்தை நன்றாக உலர வையுங்கள் என்று அறிவுரை வந்தது. நம் ஐப்பசி மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் வாங்கினார்கள். கறை படிந்த, பாதி அழிந்த படங்களை அழகு என்று கொண்டாடினார்கள். ஒவ்வொரு படமும் தனித்துவமானது என்று விற்பனைக் குரலும் சேர்ந்துகொண்டது. இந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. முழுதாகத் தேறாத சரக்கை முழு விலைக்கு விற்றுவிட்டு, குறையைக் கலை என்று சொன்னால் அண்ணாச்சி சிரிப்பார். அவர் கடையில் பாஸ்போர்ட் படத்தில் காது மங்கினால் மறுபடி எடுத்துக் கொடுத்தாக வேண்டும், காசு கேட்க முடியாது. இருந்தும், வேறு எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தால் பதில் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் ஆய்வு செய்துவிட்டுத் தேறிய சரக்கோடுதான் வருவேன் என்று காத்திருக்க அவர்களிடம் பணம் இல்லை. இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைத்தால் ஓட்டுகிறவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்கள். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் விற்ற சரக்காகவும் இருந்தது, செய்த சோதனையாகவும் இருந்தது. சோதனைக்கான செலவை வாடிக்கையாளர்களே கொடுத்தார்கள். பலர் தெரிந்தே கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃபிலிமுக்குத் திரும்பும் ஆசையைப் பற்றி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஆண்டுகளைத்தான். ஆசை இங்கே ஒரு வேலை செய்தது. கெட்டுப்போன படத்துக்கும் காசு கொடுக்க ஆளைச் சேர்த்தது. புதிய கைபேசியில் இதில் பாதிக் குறை இருந்தாலும் யாராவது பொறுத்திருப்பார்களா?

நிறுவனத்துக்குள்ளும் மாற்றங்கள் நடந்தன. காப்ஸ் விலகி வியன்னாவில் வேறு முயற்சிகளுக்குப் போனார். போலந்துக்காரரான ஆஸ்கர் ஸ்மோலகோவ்ஸ்கி, ஊழியராக நுழைந்தவர், 2014-இல் தலைமைக்கு வந்தார். அவருடைய தந்தை பெரும் பங்குதாரர். இந்த மாதிரிக் கதைகளில் அப்பாவின் பணம் எங்கோ ஒரு வரியில் வந்துபோகும், நான் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதத்தில் போலராய்டு என்ற பெயரும் உரிமைகளும் இந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தன. செப்டம்பரில் 'போலராய்டு ஒரிஜினல்ஸ்' என்ற பெயரில் புதிய கேமரா வெளியானது. 2020 மார்ச்சில் பின்னொட்டும் உதிர்ந்து வெறும் போலராய்டு ஆனது. பெயரை வைத்திருந்தவர்கள் ஃபிலிமைக் கைவிட்டார்கள், ஃபிலிமைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பெயரை வாங்கினார்கள்.

இன்றைய வண்ணப் படம் தெளிய 10 முதல் 15 நிமிடம் ஆகிறது. 1972-ஆம் ஆண்டுப் படத்தைப் போல வெயிலில் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியாது, கவிழ்த்து வைப்பதே நல்லது. அரை நூற்றாண்டுக்கு முன் முடிந்த ஒரு காரியம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

நிறுத்தாதவர்கள்

என்ஸ்கெடேயை மட்டும் பார்த்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதாகும். ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் 1998-இல் இன்ஸ்டாக்ஸ் உடனடிப் படக் கேமராக்களைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் விற்பனை சரிந்து, ஆண்டுக்கு ஒரு லட்சம் கேமரா என்ற அளவுக்கு இறங்கியது. அவர்கள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. 2018 நிதியாண்டில் ஒரு கோடி கேமரா விற்றார்கள். அவர்கள் எதையும் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதே நிறுவனம் 2016-இல் உரித்தெடுக்கும் வகை எஃப்பி-100சி படச்சுருளை நிறுத்தியது. அந்த வகைப் பழைய கேமராக்கள் உலகெங்கும் ஒரே நாளில் அலங்காரப் பொருள்களாயின. காப்ஸ் அதையும் காப்பாற்றப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை.

கோடாக்கின் கதை வேறு விதம். 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது, அதே ஆண்டு எக்டாக்ரோம் என்ற நேர்ப்படச் சுருளை நிறுத்தியது. 2017 ஜனவரியில் அதைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று அறிவித்தது. கடைக்கு வந்தது 2018 செப்டம்பரில். செய்முறை அவர்களுடையது, ராச்செஸ்டரில் பூச்சு ஆலை ஓடிக்கொண்டிருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று, கிடைக்காமல் போன மூலப்பொருள்களுக்கு மாற்றுத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆலை ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் நம்மைப் போல மாதம் ஒரு ரோல் எடுப்பவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2015-இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள், ஆண்டுதோறும் இவ்வளவு சினிமா ஃபிலிம் வாங்குவோம் என்று கோடாக்கோடு ஒப்பந்தம் செய்தன. ஃபிலிமில்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்த இயக்குநர்கள் சிலர் பின்னால் நின்று அழுத்தம் கொடுத்தார்கள். நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் பொசிந்தது.

ஊட்டி

இதுவரை நான் சொல்லாமல் தள்ளிவைத்த ஓர் ஆலை நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-இல் பதிவான மத்திய அரசு நிறுவனம், பிரான்சின் போஷே நிறுவனத்தோடு தொழில்நுட்ப உடன்பாடு, 1967-இல் உற்பத்தி தொடக்கம். தூசி குறைந்த குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒளியுணர் பூச்சைத் தாங்களே பூசினார்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோத்தாள், மருத்துவமனைக்கு எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் வந்தன. ஆலையைச் சுற்றி வளர்ந்த பகுதிக்கும் இந்து நகர் என்றே பெயர். புதிதாகப் படிப்பவர்கள் மதம் என்று எண்ணிக்கொள்வார்கள். இந்து என்றால் நிலவு.

வண்ணம் வந்தபோது இந்த ஆலை கறுப்பு வெள்ளையிலேயே நின்றது. இறக்குமதிச் சரக்கோடு போட்டி, புதிய எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன், வட்டி. 1990களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டு கிடந்து, 2014-இல் எஞ்சிய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து முடித்துக்கொள்ள மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அந்த ஆண்டை மறுபடி பாருங்கள். அதே 2014-இல்தான் என்ஸ்கெடே ஆலைக்கு இளம் தலைவர் வந்தார். ஊட்டியில் ஆலை பிழைத்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. அதன் கடன் மலையைச் சில நூறு கறுப்பு வெள்ளைப் பித்தர்கள் சுமந்திருக்க முடியாது. ஆனால் என்ஸ்கெடேயில் தப்பியது முழு ஆலை இல்லையே. ஒரு கட்டடம், சில இயந்திரங்கள், பத்துப் பேர். அப்படிச் சிறிதாக வெட்டி எடுத்துக் காப்பாற்றும் எண்ணம் ஊட்டியில் எந்த மேசையிலாவது எழுந்திருக்குமா? அரசு நிறுவனத்துக்கு நம் ஊரில் இரண்டே கதிதான். முழுதாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் முழுதாக மூட வேண்டும். பொருள் நாசமானதைவிட, பூச்சுத் தொட்டி அருகே முப்பது ஆண்டுகள் நின்றவர்களின் கைப்பழக்கம் ஓய்வூதியக் கணக்கோடு கலைந்துபோனதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்று தமிழ்நாட்டில் ஃபிலிமுக்குத் திரும்பும் இளைஞர்கள் வாங்கும் ரோல் எல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வருகிறது. ஒரு ரோலின் விலையைக் கேட்டால் அண்ணாச்சி தலைமுறைக்கு நெஞ்சு அடைக்கும்.

மார்கழியில், விடிந்து சற்று நேரத்தில், மறுபடி அவரிடம் போனேன். மீதியிருந்த இரண்டு படங்களை அதுவரை குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தேன். இந்த முறை படத்தை எடுத்த கையோடு கடைக்குள் கொண்டுபோய், மேசையில் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக என்ஸ்கெடே கதையைச் சொன்னேன். பசையை, மறைப்புச் சாயத்தை, ஆலம் தட்டை, பழைய இரும்புக்குப் போகவிருந்த இயந்திரத்தை. படம் தெளிந்து வந்தது. சட்டை வெள்ளையாகவே இருந்தது. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், நிழல் இன்னும் கொஞ்சம் இளகியிருக்கலாம் என்றார்.

பிறகு எழுந்து இருட்டறைக்குள் போய் ஒரு மஞ்சள் அட்டைப்பெட்டியோடு வந்தார். மூலைகள் நைந்து, ரப்பர் வளையம் போட்ட போட்டோத்தாள் பெட்டி. மேலே இந்து என்று அச்சு. உள்ளே தாள் இல்லை, பாஸ்போர்ட் நெகட்டிவ்கள் வெள்ளைத்தாள் உறைகளில், ஒவ்வோர் உறையிலும் பெயரும் தேதியும்.

"இந்தத் தாள் இப்போது கிடைக்குமா தம்பி?"

"கிடைக்காது அண்ணாச்சி. மூடிவிட்டார்கள்."

"அந்த ஹாலந்துக்காரருக்கு ஊட்டியைத் தெரியாதாமா?" என்று கேட்டுவிட்டு, நெகட்டிவ்களை நிமிர்த்தி அடுக்கி, மூடியைப் போட்டு, ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்.